யாரையும் குத்தத் தேவையில்லை

வானம் பார்த்த பூமியில் குத்துச்சண்டைப் பயிற்சி: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழித்துணை

விடிகாலையில் விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், சாலையோரம் ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். போலீஸ் வேலைக்குத் தயாராகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 நொடி. அதைத் தாண்டினால் கயிறேற்றம், நீளம் தாண்டுதல் என்று வரிசையாக இருக்கிறது. பாலவனத்தம் வட்டாரத்தில் ஒருவர் விசில் ஊத, பத்துப் பேர் சேர்ந்து வேர்க்க விறுவிறுக்க உடம்பை வருத்துகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான்.

தேர்வானவர் பயிற்சிப் பள்ளிக்குப் போய்விடுகிறார். தேறாதவர் வயது வரம்பு முடிந்த மறுநாள் ஓட்டத்தை நிறுத்துகிறார். ஷூ பரணுக்குப் போகிறது. முப்பத்தைந்தில் தொப்பை, நாற்பதில் சர்க்கரை மாத்திரை. ஊரில் அதற்குப் பிறகு அவர் ஓடுவதை யாரும் பார்ப்பதில்லை, பஸ்ஸைப் பிடிக்க ஓடினால்தான் உண்டு.

கரிசல் காட்டில் தேகப்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படாத காலம் இருந்தது. கமலை இறைத்தவருக்கும், பருத்தி மூட்டையை வண்டியில் ஏற்றியவருக்கும், குடத்தை இடுப்பில் வைத்து மைல் கணக்கில் நடந்தவருக்கும் போய்த் ‘தண்டால் எடு’ என்றால் சிரித்திருப்பார்கள். இப்போது உழவுக்கு டிராக்டர், தண்ணீருக்கு மோட்டார், பக்கத்துத் தெருவுக்கு பைக். நூற்பாலையில் ஷிப்ட் முழுக்க நிற்கிறவரும், தறியில் குனிந்தே இருக்கிறவரும் ‘நாங்கள் உழைக்கவில்லையா’ என்று கேட்கலாம். உழைக்கிறார்கள்தான். ஆனால் நின்று வருகிற களைப்பு வேறு, மூச்சு வாங்கி வருகிற களைப்பு வேறு. இதயம் கேட்பது இரண்டாவதை.

தமிழ்நாடு அரசு 2020-ல் எடுத்த ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம். ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை. 2024-ல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்களின் கணக்கு இன்னும் கசப்பானது. இந்தியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை. பெண்களில் இது 57 சதவீதம், ஆண்களில் 42. வீட்டு வேலை முழுக்கப் பெண்கள் தலையில் இருக்கும்போதே இந்த நிலை.

“யாரைக் குத்தப் போறீக?”

இந்த இடத்தில்தான் குத்துச்சண்டைப் பயிற்சியைச் சிபாரிசு செய்கிறேன். டீக்கடையில் இதைச் சொன்னால் முதல் கேள்வி நிச்சயம் இப்படித்தான் வரும்: “இந்த வயசுல எதுக்குண்ணே இதெல்லாம்? யாரைக் குத்தப் போறீக?”

யாரையும் இல்லை. குத்துச்சண்டை வீரர்கள் மேடை ஏறுமுன் மாதக்கணக்கில் செய்கிற பயிற்சி இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையை விட்டுவிடுவது. கயிறு தாண்டுவது, காற்றில் குத்துவது, தொங்குகிற பையில் குத்துவது, எதிரே ஒருவர் பிடிக்கும் பேடில் குத்துவது, நடுநடுவே பஸ்கியும் தண்டாலும். அமெரிக்காவில் பில்லி பிளாங்க்ஸ் என்ற கராத்தே வீரர் இதைப் பாட்டுக்கு ஏற்ற கூட்டுப் பயிற்சியாக்கி ‘டே போ’ என்று பெயர் வைத்தார். 1990-களின் பிற்பகுதியில் அவருடைய வீடியோ கேசட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. இன்று சென்னை, கோவை, மதுரை ஜிம்களில் ‘பாக்சிங் கிளாஸ்’, ‘கிக்பாக்சிங் கிளாஸ்’ என்ற பெயரில் மாலை நேரத்தில் நடப்பது இதன் பிள்ளையும் பேரனும்தான்.

குத்துச்சண்டையின் நவீன விதிகளை ஜான் கிரஹாம் சேம்பர்ஸ் என்பவர் எழுத, குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரில் அவை 1867-ல் வெளியாயின. (பாலவனத்தம் ஜமீன்தார், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-ல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் பிறந்ததும் அதே 1867-ல்தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு ஆண்டை நினைவில் வைக்க உதவும்.) கையுறை கட்டாயம், கட்டிப் புரளக் கூடாது, ஒரு சுற்று 3 நிமிடம், நடுவில் 1 நிமிடம் ஓய்வு என்பவை அந்த விதிகள். புதிதாக வருகிறவருக்கு இதில் பெரிய வரம், கடைசியாகச் சொன்ன அந்த 3 நிமிடக் கணக்கு.

ஓட்டத்தில் பின்தங்கியவர் ஊருக்கே தெரிவார். போலீஸ் தேர்வுப் பிள்ளைகளோடு நாற்பது வயதுக்காரர் ஓடப் போனால் முதல் திருப்பத்திலேயே தனியாகிவிடுவார், மறுநாள் வரமாட்டார். ரவுண்டில் பின்தங்க இடமே கிடையாது. விசில் அடித்தால் எல்லோரும் தொடங்குகிறார்கள், மறுபடி அடித்தால் எல்லோரும் நிறுத்துகிறார்கள். இருபது வயதுப் பையன் அந்த 3 நிமிடத்தில் இருநூறு குத்து விடுவான். ஐம்பது வயது அம்மா நாற்பது விடுவார். இருவருக்கும் மூச்சு வாங்கும். அந்த அம்மாவை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. கூட்டத்தில் சேரத் தயங்குகிறவருக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கணக்கும் சரியாக வருகிறது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிடக் கடுமையான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு. வாரம் மூன்று நாள், நாளுக்கு 8 ரவுண்டு போட்டால் 72 நிமிடம். உடம்பைச் சூடாக்கும் நேரத்தையும் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். முதல் மாதம் அந்த 8 ரவுண்டு பக்கம் போகவே கூடாது என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

வட சென்னையும் முகமது அலியும்

தமிழ்நாட்டில் குத்துச்சண்டை என்றால் வட சென்னை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்று பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து மோதிக்கொண்டவர்கள், சுவரொட்டியில் ‘ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று அச்சடித்தவர்கள். குத்துச்சண்டை வீரர் கித்தேரி முத்துவின் பெயரை இன்றும் அங்கே பெருமையாகச் சொல்வார்கள். பா.இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021-ல் வந்த பிறகுதான் தென் மாவட்டங்களில் பலருக்கு இப்படி ஒரு கதை இருப்பதே தெரிந்தது. அந்தப் படத்துக்கு ஐந்தாண்டு முன்னால் வந்த, குத்துச்சண்டை கற்கும் பெண்ணின் கதையான ‘இறுதிச்சுற்று’ பெண் பிள்ளைகளிடம் இன்னும் ஆழமாகப் போனது என்பது என் எண்ணம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டையே முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அந்த முதல் முறையிலேயே மேரி கோம் வெண்கலம் வாங்கினார். படம் பார்த்த பிள்ளைகளுக்கு அது கற்பனையாகத் தெரியவில்லை.

1980 ஜனவரியில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸ் என்ற குத்துச்சண்டை வீரருடன் காட்சிப் போட்டி. அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். நான்கே ஆண்டுகள் கழித்து, 1984-ல், அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தலையில் வாங்கிய அடிகள்தான் காரணமா என்பதில் மருத்துவ உலகில் ஒருமித்த முடிவு கிடையாது. ஆனால் மூளை அடி வாங்குவது நல்லதில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் ‘சும்மா ரெண்டு பேர் லேசா மோதிப் பாருங்க’ என்று சொல்லும் பயிற்சியாளரிடமிருந்து விலகி நில்லுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதன் மறுபக்கம் சுவாரசியமானது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஸ்காட் நியூமன் என்ற அரசு வழக்கறிஞருக்கு நாற்பது வயதில் பார்க்கின்சன் வந்தது. நண்பர் ஒருவர் குத்துச்சண்டைப் பயிற்சி கொடுக்க, நடையிலும் கை அசைவிலும் தெளிவு கூடுவதாக உணர்ந்தார். 2006-ல் அவர் தொடங்கிய ‘ராக் ஸ்டெடி பாக்சிங்’ இன்று பல நாடுகளில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வகுப்பு நடத்துகிறது. நோய் அதில் குணமாவதில்லை. நடையும் உடம்பின் நிலையும் தடுமாறாமல் இருக்கப் பயிற்சி கிடைக்கிறது. அங்கே ஒருவரும் இன்னொருவரைத் தொடுவதில்லை. அடி எல்லாம் பைக்குத்தான். அலியின் உடம்பை முடக்கிய அதே நோய்க்கு, அடி வாங்காத குத்துச்சண்டை கைகொடுக்கிறது.

குத்து காலிலிருந்து வருகிறது

இப்போது களத்துக்கு வருவோம். வலதுகைப் பழக்கம் உள்ளவர் இடது காலை முன்னால் வைக்க வேண்டும். தோள் அகலத்துக்குக் கால் இடைவெளி, முழங்கால் லேசாக மடங்கி, பின் காலின் குதிகால் தரையிலிருந்து சற்றுத் தூக்கி இருக்க வேண்டும். இரண்டு முஷ்டியும் கன்னத்தருகே, முழங்கை விலாவை ஒட்டி, தாடை கீழே. இந்த நிலையில் நிற்பதற்கே முதல் வாரம் போய்விடும், போகட்டும்.

முன் கையால் நேராக விடுவது ஜாப். பின் கையால் விடுவது கிராஸ். கிராஸ் விடும்போது பின் பாதம் திரும்ப வேண்டும், அதோடு இடுப்பு திரும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் தோள், கடைசியில் கை. குத்து கையிலிருந்து கிளம்புவதாக நினைக்கிறவருக்கு ஒரு ரவுண்டு முடிவதற்குள் தோள் மரத்துப்போகும். தரையை மிதித்துக் குத்தப் பழகியவர் பேசிக்கொண்டே குத்துவார். வளைத்து விடும் ஹூக்கும், கீழிருந்து எழும்பும் அப்பர்கட்டும் இரண்டாம் மாதத்துக்கு.

கட்டைவிரலை முஷ்டிக்குள் வைத்துக் குத்தக் கூடாது. அது மற்ற விரல்களுக்கு வெளியே, குறுக்காக இருக்க வேண்டும். மணிக்கட்டு வளையக் கூடாது. பையில் படவேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மொளி. சுண்டுவிரல் பக்கம் பட்டால் அதற்குக் கீழே புறங்கையில் இருக்கும் எலும்பு முறியலாம். ஆத்திரத்தில் சுவரைக் குத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் டாக்டர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த முறிவைத்தான்.

மூச்சு விஷயத்தில் எல்லோரும் முதலில் ஒரே தவறைச் செய்வார்கள்: பல்லைக் கடித்து, மூச்சை அடக்கிக் குத்துவார்கள். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது ஆகாது. ஒவ்வொரு குத்துக்கும் ‘உஸ்’ என்று மூச்சை வெளியே விட வேண்டும். பத்துப் பேர் ஒன்றாக உஸ் உஸ் என்றால் தெரு நாய்கள் குரைக்கத்தான் செய்யும், பொருட்படுத்த வேண்டாம்.

முதல் மாதம் 1 நிமிட ரவுண்டு நான்கு போதும். பையைத் தொடவே வேண்டாம், காற்றில் குத்துங்கள். கயிறு தாண்டினால் முழங்கால் வலிக்கிறதா, கயிறில்லாமல் இருந்த இடத்திலேயே கால் மாற்றி மிதியுங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் உடம்பு நோகும், அது சகஜம். ஆனால் முதல் நாள் வீம்புக்குச் செய்துவிட்டு, வலி தாங்க முடியாமல் போய், சிறுநீர் டீ நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறி அது. புதியவர்கள் வெயிலில், அடுத்தவரைப் பார்த்துப் போட்டி போட்டுச் செய்யும்போதுதான் அப்படி நடக்க வாய்ப்பு அதிகம். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் முன்கூட்டியே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள் கண் டாக்டரிடம் கேட்காமல் குதிக்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் கையில் கொஞ்சம் சீனி வைத்திருக்க வேண்டும்.

இந்த மண்ணுக்கு இது புதிதா?

பாலவனத்தத்துக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில் இருக்கும் திருச்சுழி ரமண மகரிஷியின் பிறந்த ஊர். 1879-ல் பிறந்து, வெங்கட்ராமனாக வளர்ந்தபோது அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாக இல்லை. மல்யுத்தம், பந்தாட்டம், நீச்சல் எல்லாவற்றிலும் முன்னால் நின்றார். அவர் சேர்ந்த கட்சியே ஜெயிக்கும் என்று ‘தங்கக் கை’ என்று பெயர். அவருடைய தூக்கமோ பிரசித்தம். விழித்திருக்கும்போது அவர் பக்கம் நெருங்கப் பயந்த பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் ஆசை தீர அடித்துவிட்டுத் திரும்பவும் பாயில் கிடத்திவிடுவார்களாம். காலையில் அவருக்கு ஒன்றும் தெரியாது. அருணாசலத்தில் அசையாமல் உட்கார்ந்த அந்த உடம்பு அப்படிப் பழகிய உடம்பு.

சிலம்பம் கற்றுத்தரும் ஆசான்கள் தென் மாவட்டங்களில் இன்றும் இருக்கிறார்கள். கம்பு இல்லாமல் வெறுங்கையில் ஆடும் குத்துவரிசையும் அதில் சேர்ந்ததுதான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் அறிமுக விளையாட்டாக இடம்பெற்றது. இளவட்டக்கல் பல ஊர்ச் சாவடிகளில் புதைந்து கிடக்கிறது. ஆனால் நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலுக்கு இன்னும் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். முளைப்பாரி வளர்க்கும் நாட்களில் ராத்திரி ராத்திரியாகப் பெண்கள் கூடி அடிக்கும் கும்மியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குனிந்து நிமிர்ந்து, கால் மாற்றி, தாளம் தப்பாமல் அரை மணி நேரம். எந்த ஜிம் வகுப்புக்கும் அது குறைந்ததில்லை. முளைப்பாரியைக் கரைத்ததும் கும்மியும் நின்றுவிடுகிறது என்பதுதான் குறை.

ஆகவே ஊரில் தொடங்குகிறவர்கள் முதலில் தேட வேண்டியது சிலம்ப ஆசானை அல்லது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரை. கால் வரிசை தெரிந்த ஆசானுக்கு ஜாப், கிராஸ் பிடிபட அதிக நாள் ஆகாது. வீடியோவைப் பார்த்துத் தனியாகப் பழகுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். மணிக்கட்டு வளைந்திருப்பதை வீடியோ சொல்லாது.

பொருளுக்கு அலைய வேண்டாம். குத்தும் பையில் மணலை மட்டும் நிரப்பும் பழக்கம் நம்மூரில் உண்டு. மணல் அடியில் இறங்கி இறுகிக் கல்லாகிவிடும், கை போய்விடும். பழந்துணியும் துணிக் கழிவும் இறுக்கி அடைப்பதே சரியான முறை. நெசவும் நூற்பும் நடக்கிற அருப்புக்கோட்டைப் பக்கம் அதற்கா பஞ்சம்? கையுறைக்குள் சுற்றும் பட்டி சுமார் நாலரை மீட்டர் நீளம், இரண்டு அங்குல அகலப் பருத்தித் துணி. இதற்கு ஆன்லைனில் ஆர்டர் போடுவது இந்த ஊர்க்காரர்களுக்கு அழகில்லை. கையுறை மட்டும் நல்லதாக, 12 அல்லது 14 அவுன்ஸ் அளவில் வாங்க வேண்டும். பத்துப் பேருக்கு நான்கு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம்; பட்டி மட்டும் ஆளுக்கொன்று, தினம் துவைத்தது.

நேரம் காலை ஏழுக்கு முன், இல்லாவிட்டால் மாலை ஆறுக்குப் பின். சித்திரை, வைகாசியில் இந்தப் பூமியில் வேறு நேரம் கிடையாது. வருகிறவர்களுக்கு நீராகாரமோ உப்புப் போட்ட மோரோ போதும். கலர் டப்பாவில் வரும் பவுடரை விற்கிற பயிற்சியாளர் வியாபாரி.

பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். ‘எல்லோருக்கும் பொது’ என்று அறிவித்தால் நம் ஊர்களில் அது ஆண்களுக்கு என்றே ஆகிவிடும். மகளிர் குழு ஏற்கெனவே கூடுகிறது, அதே பத்துப் பேர் அரை மணி முன்னதாக வந்தால் வகுப்பு தயார். “மதினி, நீங்க வந்தா நான் வர்றேன்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், தெருவே வந்துவிடும். நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு வந்தாலும் சரி, சுடிதாரில் வந்தாலும் சரி, காலில் மட்டும் வழுக்காத செருப்போ ஷூவோ வேண்டும்.

இடமும் பொருளும் அரசாங்கம் கொடுக்காமல் இல்லை. 2016-ல் அறிவித்த அம்மா உடற்பயிற்சிக் கூடங்கள் 500 ஊராட்சிகளுக்கு, ஒன்று 10 லட்சம் ரூபாயில். அவற்றில் பல பூட்டிக் கிடந்த கதை பத்திரிகைகளில் வந்தது. 2024-ல் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் வந்து, மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் விளையாட்டுச் சாமான்கள் என்றார்கள். என் கருத்தைக் கேட்டால், இயந்திரம் வாங்கிய காசில் ஒரு ஆசானுக்குச் சம்பளம் கொடுத்திருக்கலாம். இரும்பு துருப்பிடித்தால் யாரும் கேட்பதில்லை; ஆசான் ஒருநாள் வரவில்லை என்றால் பத்துப் பேர் வீட்டுக்கே போய்க் கேட்பார்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்துக்குப் பாலவனத்தத்திலும் பந்தல்குடியிலும் திருச்சுழியிலும் இருக்கிறவர்கள் பத்துப் பேர் கையெழுத்தோடு போங்கள். விளையாட்டுச் சாமான் எந்த அறையில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பள்ளி மைதானத்தில் மாலை ஒரு மணி நேரமும், இரண்டு விளக்கும், பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாளும் வேண்டும் என்று தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள்.